வேட்டி வரைக்கும் போகிற கார்டு

விழுப்புரம் மாவட்டத்திலேயே அதிக முறை அடி வாங்கிய மனிதர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், காணைக்குப் பக்கத்தில் கரும்பும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற புகழேந்தியை யாராலும் நெருங்க முடியாது. வெகுகாலம்வரை நேரில் அவர் அடி வாங்கியது ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் திண்டிவனத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு மாடிக் கடையில், கம்ப்யூட்டருக்குள் வாங்கியது. அப்படி ஒன்று நடப்பது பல வருடம் அவருக்கே தெரியாது.

நேரில் வாங்கியதை முதலில் சொல்லிவிடலாம்.

புகழேந்தியின் அக்கா மகளுக்கு மயிலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கட்டிய பேனர். பெண்ணின் தாய்மாமன் என்கிற முறையில் புகழேந்தியின் படமும் அதில் இருந்தது. கீழே இடது மூலையில், தீப்பெட்டி லேபிள் அளவுக்கு. அவருக்கு மேலே மாப்பிள்ளையின் நண்பன் ராயப்பன், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பைக்கின் மேல் முழு உருவமாகச் சாய்ந்திருந்தான். அவன் உயர்த்திக் காட்டிய கட்டைவிரலே புகழேந்தியின் தலையைவிடப் பெரிதாக இருந்தது.

தாய்மாமனை எங்கே வைப்பது, எந்த அளவில் வைப்பது என்பது நம் ஊர்ப்பக்கம் நாட்டின் எல்லைப் பிரச்சினையைவிடச் சிக்கலானது. எல்லைக்காவது பேச்சுவார்த்தை உண்டு.

"சீரு செஞ்சது நானு. என்ன மூலையில கொசு மாரி ஒட்டி வெச்சிக்கிறீங்களா?" என்று புகழேந்தி பந்திக்கூடத்தில் நின்று கத்தினார்.

"மூஞ்சி அளவுக்குத்தான் மாமா படம் போட முடியும்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்தக் குரலை நோக்கி அவர் விட்ட குத்து வேறொருவரின் தாடையில் இறங்கியது. அதற்குப் பிறகு யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. கரண்டிகள் பறந்தன. சாம்பார் வாளி ஒன்று கூடத்தின் குறுக்கே போய் ஒருவர் முதுகில் கவிழ, அவர் அலறிக்கொண்டே பக்கத்தில் இருந்தவரை அடித்தார். பக்கத்தில் இருந்தவர் பெண் வீடுமில்லை, பிள்ளை வீடுமில்லை, மண்டபத்து எலக்ட்ரீஷியன். பின்னாலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி வந்து புகழேந்தியின் உச்சந்தலையில் இறங்கியது. அவர் மடிந்து உட்கார்ந்த வேகத்தில் வேட்டி தனியாகவும் அவர் தனியாகவும் ஆனார்கள்.

மண்டையில் தையல் போட்டுக் கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவன்டா அது?"

நாற்காலியை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தக் கேள்விதான் புகழேந்தியின் வாழ்க்கை. தலை வாரும்போது தழும்பில் சீப்பு தட்டும். தட்டிய அன்றைக்கெல்லாம் யாரோ ஒருவருக்குக் கெட்ட நேரம்.

முதலில் ராயப்பன். பேனரில் பெரிதாக இருந்தவன் வேறு எதையும் செய்யக்கூடியவன் என்று புகழேந்தி தீர்மானித்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வைத்து முழுக் கரும்பால் வாய்மேல் அடித்ததில் முன்பல் இரண்டும் டீக்கடை வாசலில் விழுந்தன. அடுத்து சொந்தச் சித்தப்பா மகன் சீனுவாசன். வேட்டி அவிழ்ந்தபோது அவன் சிரித்ததாக யாரோ சொன்னார்கள். இருவருக்கும் பொதுவான போர்வெல் மோட்டாரின் பக்கத்தில், மோட்டார் கழற்றுகிற ஸ்பேனராலேயே அவன் முழங்கையை உடைத்தார். அதற்குப் பிறகு அந்த மோட்டாருக்கு இரண்டு பூட்டு.

மூன்றாவது ஜெகதீசன். அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவர். சண்டை நடக்கும்போது பந்தி மேசைமேல் ஏறி நின்று கேமராவை ஆட்டாமல் பிடித்தவர். அப்படிப் பிடித்தவரிடம் விடை இருக்கும் என்று புகழேந்தி திண்டிவனம் போனார்.

"அந்தச் சண்டய போட்டுக் காட்டு."

"அத வெட்டி அழிச்சிட்டங்க. உங்க அக்கா வூட்டுக்காருதான் வேணான்னாரு. கல்யாண வீடியோவுல அதெல்லாம் எப்பிடிங்க சேக்கறது?"

"எவனையோ காப்பாத்தற நீ."

"நான் எதுக்குங்க காப்பாத்தணும்? எனக்கே பாதி பணம் இன்னும்..."

வாக்கியம் முடியவில்லை. புகழேந்தி தன் நெற்றியால் அவர் மூக்கை இடித்தார். எலும்பு முறிந்த சத்தம் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. ஜெகதீசனின் மூக்கு அன்றிலிருந்து புதுச்சேரி பக்கம் திரும்பியே இருக்கிறது.

வெட்டியது உண்மை. அழித்தது பொய். சண்டைத் துண்டு முழுவதும் அவருடைய ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு அன்றைக்கு அதைப் போட்டுப் பார்த்தார். நாற்காலி இறங்கும் இடத்தில் நிறுத்தி, பின்னால் கொண்டுபோய், மறுபடி இறக்கினார். வலி கொஞ்சம் குறைந்தது.

கேமராவில் கண்ணை வைத்தால் மூக்கு இடிக்கிறது என்று வீடியோ எடுப்பதை விட்டுவிட்டு, ஸ்டுடியோக்காரர்களுக்கு எடிட்டிங் கம்ப்யூட்டர் கட்டிக்கொடுக்கும் தொழிலுக்கு ஜெகதீசன் வந்தார். கல்யாண வீடியோவில் பூத்தூவல், பளபளப்பு, மெதுவான நடை எல்லாம் போடுவதற்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். நல்ல கார்டு ஒரு போகக் கரும்பை விழுங்கும். ஆகவே மலிவான கார்டை வாங்கி, அடித்து, உசுப்பி, விலை உயர்ந்த கார்டின் வேலையை வாங்குவது அவர் பாணி. கம்பெனிக்காரன் ஒரு வேகம் வைத்து அனுப்புவான். ஜெகதீசன் அதைக் கொஞ்சம் ஏற்றுவார். கார்டு தாங்கினால் இன்னும் கொஞ்சம். திரை பச்சையாகிக் கார்டு மயங்கி விழும்வரை ஏற்றிவிட்டு, ஒரு படி கீழே இறக்கி அங்கே நிறுத்துவார். இதற்கு ஓவர்க்ளாக் என்று பெயர். இதே வேலையை வேறு சில இடங்களில் விசாரணை என்பார்கள்.

"சொல்லு... சொல்லிடு... இன்னும் எவ்ளோ தாங்குவ?" என்று கார்டிடம் பேசிக்கொண்டே ஏற்றுவார். விசிறி ஊளையிடும். சூட்டில் விரல் பொசுங்கும். ஒரு கார்டு பாதியில் செத்துப்போனபோது அதைச் சுத்தியலால் நசுக்கி, மற்ற கார்டுகள் பார்க்கும்படி சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

எந்தக் கார்டு எவ்வளவு தேறும் என்று தெரிய, எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் புகழேந்தி. சொந்தப் பகை ஒரு காரணம் என்றாலும், தொழில் காரணமும் இருந்தது. கல்யாண வீடியோவில் பொதுவாக யாரும் அசைவதில்லை. மேடையில் ஏறுவார்கள், கவரைக் கொடுப்பார்கள், கேமராவைப் பார்த்துச் சிலையாக நிற்பார்கள். அதைத் தூங்குமூஞ்சிக் கார்டுகூட ஓட்டிவிடும். சண்டைத் துண்டில் நூறு பேர் நூறு திசையில் ஓடுகிறார்கள். அரைகுறை வெளிச்சம், அடுப்புப் புகை, சீரியல் பல்பு, பறக்கும் சாம்பார். அதன்மேல் நிறத்திருத்தம், மெதுவோட்டம் என்று பாரத்தை ஏற்றி ஓடவிட்டால் கார்டின் யோக்கியதை தெரிந்துவிடும்.

சோதாக் கார்டு சாம்பார் வாளியிலேயே திக்கி நிற்கும். நடுத்தரமானது நாற்காலிவரை வரும். உண்மையான வீரியம் உள்ளதுதான் வேட்டி அவிழ்வதைத் திக்காமல் காட்டும். மயிலத்திலிருந்து திருவாமாத்தூர்வரை ஸ்டுடியோக்காரர்களின் பேச்சே மாறிப்போனது.

"உன் கார்டு எதுவரிக்கும் போவுது?"

"நாற்காலி தாண்ட மாட்டேங்குதுப்பா. பேஜாரா கீது."

"நம்முது வேட்டி வரிக்கும் போவுது."

அடி வாங்குகிறவர் யார் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. சுக்கிரவாரமும் சனிக்கிழமையும் பார்க்காமல் புகழேந்தி அடி வாங்கிக்கொண்டே இருந்தார்.

இந்த நிலையில் அவர் மகள் கலைப்பிரியாவுக்குச் சம்பந்தம் கூடிவந்தது. பார்மசி படித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிற பெண். மாப்பிள்ளையின் அப்பா வேங்கடேசன், விழுப்புரத்தில் கரும்பு ஜூஸ் வண்டிகள் வைத்திருக்கிறவர். வாலிபத்தில் ஜூஸ் மெஷின் அவருடைய வலது கை மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் பாதி பாதியாகப் பிழிந்துவிட்டது. அந்தக் கையை நீட்டித்தான் எதையும் பேசுவார். கரும்பு போடுகிறவருக்கும் கரும்பு பிழிகிறவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போனது. பேனரில் இரு வீட்டுத் தாய்மாமன்களுக்கும் ஒரே அளவு என்று நிச்சயதார்த்தத்திலேயே பேசி முடித்தார்கள். நாற்காலிக்காரன் யார் என்று தெரியாமல் மகள் கல்யாணத்தில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பது என்ற ஒரு குறை மட்டும் புகழேந்திக்கு. அவனும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவானே!

வீடியோவுக்குச் சொல்ல புகழேந்தி, கலைப்பிரியா, வேங்கடேசன் மூன்று பேரும் விழுப்புரம் கிழக்குப் பாண்டி ரோட்டில் தேவாவின் ஸ்டுடியோவுக்கு ஒரு காலையில் போனார்கள். தேவா அன்றுதான் புதிதாக ஒரு பட்ஜெட் கார்டு வாங்கியிருந்தான். அதை மாட்டி, ஏற்றி, சோதிக்க ஜெகதீசன் திண்டிவனத்திலிருந்து வந்திருந்தார். கேபினெட்டைத் திறந்துபோட்டு, திரைக்குள் தலையை விட்டுக்கொண்டு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். பழைய கார்டுகளுக்கு இதுவரை கொடுக்கத் துணியாத ஒரு வேலையை இதற்குக் கொடுத்திருந்தார். படத்தில் உள்ள புள்ளியையும் மங்கலையும் நீக்கித் துடைத்துக் காட்டுகிற வேலை. மற்ற கார்டுகள் அதைக் கேட்டதுமே செத்துவிடும்.

"வாங்க, உக்காருங்க" என்றான் தேவா. "டெஸ்டு ஓடிக்கினு இருக்குது. முடிஞ்சதும் பேசலாம். காபி சொல்றேன்."

காபி வந்தது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரலும் வந்தது.

"சீரு செஞ்சது நானு. என்ன மூலையில கொசு மாரி ஒட்டி வெச்சிக்கிறீங்களா?"

புகழேந்தி காபியைக் கீழே வைத்துவிட்டுத் திரையின் பக்கம் போனார். தன்னைப் பார்த்தார். ஜெகதீசன் திரும்பினார். மூக்கும் நெற்றியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன.

"அழிச்சிட்டன்னு சொன்னியேடா!"

"அழிச்சாச்சிங்க. இது டெஸ்டுக்கு."

"டெஸ்டா?"

தேவா பெருமையாக இடையில் புகுந்தான். "நம்ம ஜில்லா ஃபுல்லா இதாங்க டெஸ்டு. இப்ப பாருங்க, ஒரு ஆளு மண்ட மேல நாற்காலி உழும், அப்பறம் வேட்டி..." என்றவன், பார்த்துக்கொண்டிருப்பவரின் மண்டையைக் கவனித்து நிறுத்தினான். கலைப்பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

புகழேந்தி ஜெகதீசனின் தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினார். "நிறுத்துடா அத!"

"நடுவுல நிறுத்தக்கூடாதுங்க! மொதல்லருந்து ஓட்டணும்!"

இன்னொரு முறை மோதினார். உதடு கிழிந்து கீபோர்டில் ரத்தம் தெறித்தது. ஜெகதீசன் கையில் அகப்பட்ட பழைய கார்டை எடுத்து வீசினார். அதன் தகர விளிம்பு புகழேந்தியின் புருவத்தைப் பிளந்துகொண்டு போனது. புகழேந்தி ஒரு கண்ணில் ரத்தம் வழிய அவர் கழுத்தை நெரித்தார். நெரித்த கைக்குக் கீழே ஜெகதீசன் ஒரு காலால் வயிற்றில் உதைத்துக்கொண்டும், ஒரு கையால் மவுஸைக் காப்பாற்றிக்கொண்டும் இருந்தார். திறந்த கேபினெட்டுக்குள் விசிறி ஊளையிட்டது.

"அண்ணா, மானிட்டரு! மானிட்டரு!" என்று தேவா கதறினான். மனிதர்களைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை.

"சம்பந்தி, உடுங்க. சாவப் போறான்" என்று வேங்கடேசன் எழுந்தார்.

திரையில் சாம்பார் வாளி திக்காமல் பறந்தது. அடுத்தது நாற்காலி. இத்தனை காலமும் புகை நடுவில் சிவப்பாகக் கோடு மட்டும் இழுத்துக்கொண்டு வந்த நாற்காலி, இந்தக் கார்டில் துடைத்துவைத்த பாத்திரம்போலத் தெளிவாக, மெதுவாக இறங்கியது. ஆள் தூணுக்குப் பின்னால். முகம் இல்லை. நாற்காலிக் காலைப் பிடித்த வலது கை மட்டும் தெரிந்தது. அதில் இரண்டு விரல் பாதிதான் இருந்தது.

நெரித்துக்கொண்டிருந்த கை தளர்ந்தது.

வேங்கடேசன் காபி டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். அறையில் வேறெந்த அசைவும் இல்லாததால் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். மாற்றிய கையைத் துண்டுக்குள் விட்டார். அதையும் பார்த்தார்கள். உடனே டம்ளரை எறிந்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார்.

"நிறுத்துய்யா அத! ஜல்தி நிறுத்து!"

"ஓடட்டும்!" என்றார் புகழேந்தி.

ஜெகதீசன் ப்ளக்கின்மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டார். ஒரு சம்பந்தி அவர் விலாவில் உதைக்க, இன்னொரு சம்பந்தி உதைக்கிறவரின் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்தார். மேலே திரையில் வேட்டி, ஒரு திக்கல் இல்லாமல், பாற்கடல் மாதிரி அவிழ்ந்து பரவியது. துண்டு முடிந்தது. விசிறி இறங்கியது.

"தாண்டிடுச்சி" என்று தரையிலிருந்து ஜெகதீசன் ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார். "தேவா, வேட்டி தாண்டிடுச்சிடா. ஒரு எடத்துல கூட நிக்கல."

யாரும் பாராட்டவில்லை.

"நீயா?" என்றார் புகழேந்தி. "எதுக்குயா? எனக்கும் உனுக்கும் அப்ப இன்னா இருந்திச்சி? பேனரு வெச்சது நீயா?"

"எந்த பேனரு?" வேங்கடேசனுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு ரெண்டு வூடும் தெரியாது. ஜூஸ் வண்டி சப்ளைக்குன்னு கூப்டு இருந்தாங்க, மேசையில எடம் இல்ல, கீழ பாய்ல சாப்ட உக்காந்தேன். பாயசம் ஊத்திக்கினு இருந்தான். நீ பின்னாலயே வந்து எல மேல ஏறி மிதிச்ச. பாயசத்துல செருப்புக் காலு. அடிச்சேன். உன் முதுவுதான் தெரிஞ்சிச்சி. மூஞ்சிய பாத்து இருந்தா பொண்ணு கேட்டு வருவனா?"

ஒரு மனிதரின் பல வருடத்துப் பகை, இரண்டு பற்கள், ஒரு முழங்கை, ஒரு மூக்கு எல்லாம் கடைசியில் ஒரு கரண்டிப் பாயசத்தில் போய் நின்றது. பேனரில் தன் படத்தைச் சின்னதாகப் போட்டவனாவது தன்னை நினைத்திருக்கிறான். இவர் நினைக்கக்கூட இல்லை. புகழேந்திக்கு அதுதான் தாங்கவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியைத் தூக்கினார். தூக்கியவர் மகளைப் பார்த்தார். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது.

கலைப்பிரியா அப்பாவின் புருவத்தையும் மாமனாராகப் போகிறவரின் மண்டையையும் மருந்துக்கடைக் கண்ணோடு மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, எனக்கு அந்தப் பையனப் புடிச்சிக்கீது. அடிக்கணும்னா இப்பவே அடிச்சிடு. தாலி ஏறினா அவரு எனக்கு மாமனாரு. அப்பறம் உன்ன நான் உடமாட்டேன்."

வேங்கடேசன் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றித் தேவாவிடம் கொடுத்தார். பாதி விரல் கையால் கண்ணை மூடிக்கொண்டு, தலை குனிந்தார்.

நாற்காலி முழு வேகத்தில் இறங்கியது. குறி தப்பித் தோளில் விழுந்தது. கழுத்தெலும்பு முறிந்த சத்தத்தோடு நாற்காலியின் காலும் முறிந்தது. வேங்கடேசன் மண்டியிட்டு, கொஞ்ச நேரம் மாடு மாதிரி முனகிவிட்டு, "தேதி மாத்த வேணாம் சம்பந்தி" என்றார்.

கலைப்பிரியா துப்பட்டாவால் அவர் கையைத் தூளி கட்டினாள். புகழேந்தி உட்கார்ந்தார். தலையைத் தடவிப் பார்த்தார். தழும்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"எல்லாம் சரி" என்று தரையிலிருந்து ஒரு குரல். "அப்ப என் மூக்கு?"

கேள்வி இப்போது புகழேந்தியிடம் வந்திருந்தது. இத்தனை வருடம் கேள்வி கேட்டே பழகியவர்.

"அதையும் கல்யாணத்துக்கு முன்னாடி முடிச்சிடுப்பா" என்றாள் மகள்.

மறுநாள் அவர் பத்திரிகைக் கட்டோடு திண்டிவனம் பஸ் ஏறினார். ராயப்பனின் வீட்டில் பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, விவரம் சொல்லி, வாயைக் காட்டிக்கொண்டு நின்றார். ராயப்பன் பொய்ப்பல்லைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, நிதானமாகக் கையை மடக்கினான். புகழேந்தி ஊர் திரும்பும்போது கைக்குட்டையில் தன் பல்லைச் சுற்றி வைத்திருந்தார். சீனுவாசன் அடிக்கவில்லை. பத்திரிகையை வாங்கிக்கொண்டு, வளைந்துபோன முழங்கையோடு மோட்டார் வரைக்கும் நடந்து, தன் பூட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். அன்று முழுக்கப் புகழேந்தி சாப்பிடவில்லை.

ஜெகதீசன் என்ன கேட்டார் என்பது கல்யாணத்தன்றுதான் தெரிந்தது. அடியை அவர் கேட்கவில்லை. வீடியோ எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருந்தார். திருவாமாத்தூர்ப் பக்கம் மண்டபம். பேனரில் எல்லா முகமும் ஒரே அளவு. தேவா ஸ்கேல் வைத்து அளந்திருந்தான். அந்தப் பழைய துண்டை என்ன செய்தாய் என்று யாரும் கேட்கவில்லை. வேங்கடேசன் மட்டும் கேட்டார்.

"அதுல இப்ப என் கை தெரியுதே. அழிச்சிடேன்."

"அழிச்சாச்சிங்க" என்றார் ஜெகதீசன்.

மேடையில் பெண்ணுக்கு ஒரு பக்கம் பல் போன அப்பா, பிள்ளைக்கு ஒரு பக்கம் தூளி கட்டிய அப்பா. எதிரே கோணல் மூக்கைக் கேமராவில் ஒரு பக்கமாகப் பொருத்திக்கொண்டு ஜெகதீசன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க. தோள் மேல கைய போடுங்க. ஒடஞ்ச தோளு வேணாம், இந்தத் தோளு. இப்ப சிரிங்க."

சிரித்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அந்தக் காட்சியை எந்தச் சோதாக் கார்டும் தூங்கிக்கொண்டே ஓட்டிவிடும்.